ஆங்கிலப் போட்டிக்குத் தனியாகத் தயாரானபோது நான் பட்டதும் தெரிந்துகொண்டதும்

எங்கள் பள்ளியில் எனக்கு மூன்று வகுப்பு கீழே படித்த தங்கை ஒருத்தி போன மாதம் போன் செய்தாள். "அக்கா, காலேஜ்ல இங்கிலீஷ் காம்பெடிஷனுக்குப் பேர் கேக்குறாங்க. எந்த கோச்சிங் சென்டர்ல சேரலாம்?" என்று கேட்டாள். நெடுநேரம் பேசியும் சொல்ல வேண்டியதில் பாதிதான் சொல்லி முடித்தேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தேன். கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டியது. அப்பா சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலப் போட்டிக்குத் தயாராகிறேன் என்று நான் இழந்த பணம் 14,799 ரூபாய். அப்பாவின் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் அது. அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட நான் பிறகு மேடையில் பேசியதற்கு உதவவில்லை.

முதலில் வந்தது வாட்ஸ்அப் போஸ்டர். இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் வகுப்புக் குழுவில் யாரோ பகிர்ந்திருந்தார்கள். தேசிய அளவிலான கல்லூரி ஆங்கிலத் திறன் போட்டி, முதல் மூன்று இடங்களுக்கு லேப்டாப், இன்டர்ன்ஷிப் என்று பெரிய எழுத்தில் இருந்தது. மேலே அரசு முத்திரை மாதிரி ஒரு சின்னம். பதிவுக் கட்டணம் 799 ரூபாய். கட்டியதும், பாடக் குறிப்பு வாங்கினால்தான் நன்றாக எழுத முடியும் என்று 1,850 கேட்டார்கள். ஆன்லைனில் ஒரு மணி நேரத் தேர்வு நடந்தது. ஒரு வாரத்தில் "நாட்டிலேயே முதல் 5 சதவீதத்தில் இருக்கிறீர்கள்" என்று மின்னஞ்சல் வந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அம்மா தெருவில் நாலு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மெடலும் சான்றிதழும் அனுப்பக் கூரியர் செலவு 650. அப்புறம் இறுதிச் சுற்று டெல்லியில் ஒரு ஹோட்டலில் நடக்கும், அதற்குப் பிரதிநிதிக் கட்டணம் 16,500, இப்போதைக்கு முன்பணம் 3,000 கட்டினால் இடம் உறுதி என்றார்கள். கட்டினேன். என் அறைத்தோழியும் அதே தேர்வை எழுதியிருந்தாள். அவள் எழுதியபோது வைஃபை போய்விட்டதால் பத்துக் கேள்வியோடு விட்டுவிட்டாள். அவளுக்கும் அதே மின்னஞ்சல், அதே 5 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எல்லாம் புரிந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அவர்களுடைய போன் எண் அணைந்துவிட்டது.

இந்த மாதிரிப் போட்டிகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இப்போது எனக்குத் தெரியும். தேர்வு பெற்ற பிறகு பணம் கேட்டால் அது போட்டி இல்லை, வியாபாரம். உண்மையான போட்டியில் கட்டணம் ஒரே ஒரு தடவை, பதிவின்போதுதான். நான் போன கல்லூரி விழாக்களில் நூறு இருநூறு ரூபாய்க்கு மேல் கட்டியதில்லை. சிலவற்றில் அதுவும் கிடையாது. இன்னொன்று, போன வருடம் ஜெயித்தவர்கள் யார், எந்தக் கல்லூரி என்று கேளுங்கள். திருச்சி என்ஐடியில் செப்டம்பரில் நடக்கும் ஃபெஸ்டம்பர், சென்னை ஐஐடியில் ஜனவரியில் நடக்கும் சாரங் போன்ற விழாக்களில் வெளிக் கல்லூரி மாணவர்களும் கலந்துகொள்ளலாம். அவற்றை நடத்தும் மாணவர்களின் பெயரும் எண்ணும் அறிவிப்பிலேயே இருக்கும், கூப்பிட்டால் எடுப்பார்கள். விதிமுறை என்ன, நடுவர் யார், எத்தனை நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். உண்மையில் நடத்துகிறவர்களால் இதற்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல முடியும். எனக்கு வந்த போஸ்டரில் பரிசு பற்றி முழுப் பக்கம் இருந்தது, போட்டி எப்படி நடக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. ஆன்லைனில் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. இந்த எண்ணை எனக்கு யாராவது அன்று சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது, கோச்சிங் சென்டர். கல்லூரி இருந்த ஊரிலேயே பேருந்து நிலையத்துக்கு எதிரில் மாடியில் ஒரு மையம். ஸ்போக்கன் இங்கிலீஷ், ஐஇஎல்டிஎஸ், இன்டர்வியூ, காம்பெடிஷன் எல்லாம் ஒரே போர்டில் எழுதியிருக்கும். 8,500 ரூபாய், மாலை வகுப்பு. தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த பணத்தைத்தான் அப்பா அனுப்பினார். "படிப்புக்குத்தானம்மா, யோசிக்காத" என்றார். அங்கே தினமும் இருபது கடினமான வார்த்தைகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். மரபுத்தொடர்கள் ஒரு நோட்டு முழுக்க. கண்ணாடி முன் நின்று பேசச் சொன்னார்கள். செய்தி வாசிப்பவர்கள் மாதிரி உச்சரிக்கப் பழக்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கட்டளை: "தமிழ்ல யோசிக்கிறத நிறுத்துங்க. ஹாஸ்டல்ல தமிழ்ல பேசாதீங்க." அதை நான் அப்படியே கடைப்பிடித்தேன். அறையில் தோழிகளோடு பேச்சு குறைந்தது. ஊருக்குப் போன் செய்தாலும் சுருக்கமாக முடித்துக்கொள்வேன். மனதில் ஒரு கருத்து தோன்றினாலே அது தமிழில் வந்துவிட்டதே என்று பயமாக இருக்கும். ஒரு செமஸ்டர் முழுக்க இப்படிப் போனது. சுருக்கமாகச் சொன்னால், ஆங்கிலம் வரவில்லை, இருந்த தைரியமும் போய்விட்டது.

அந்த நிலையில்தான் கோவையில் ஒரு கல்லூரி விழாவில் ஜாம் போட்டிக்குப் போனேன். ஜாம் என்றால் கொடுத்த தலைப்பில் ஒரு நிமிடம் பேச வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைப்பு வந்ததும் நான் மனப்பாடம் செய்திருந்த பெரிய வார்த்தை ஒன்றைத் தேடி அரை நொடி நின்றேன். அதற்குள் பக்கத்தில் இருந்தவர் மேசையைத் தட்டி "ஹெசிடேஷன்", அதாவது தயக்கம், என்றார். நடுவர் தலையாட்டினார், பேச்சு தட்டியவரிடம் போய்விட்டது. எனக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. கபடியில் பாட்டு நின்றால் அவுட் என்று தெரியாமலே களத்தில் இறங்கிய மாதிரி இருந்தது. அந்தச் சுற்று முடியும் வரை நான் மறுபடி வாய் திறக்கவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஆங்கிலம் பேசத் தெரியாததால் தோற்றேன் என்றுதான் அன்று நினைத்தேன். அது அப்படி இல்லை என்று தெரிய இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

ஜாம் விளையாட்டை முதலில் புரிந்துகொள்ளுங்கள். 1967இல் பிபிசி வானொலியில் தொடங்கிய 'ஜஸ்ட் எ மினிட்' என்ற நிகழ்ச்சியிலிருந்து வந்தது இது. தயங்கக் கூடாது, சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லக் கூடாது, தலைப்பை விட்டு விலகக் கூடாது என்பவை மூன்று அடிப்படை விதிகள். நம் ஊர்க் கல்லூரிகளில் இலக்கணப் பிழையையும் சேர்த்துக்கொள்வார்கள். யாராவது தவறு செய்தால் மற்றவர்கள் மேசையைத் தட்டித் தடை சொல்லலாம். தடை சரியாக இருந்தால் மீதி நேரம் தடை சொன்னவருக்கு, புள்ளியும் அவருக்கு. தவறான தடைக்குப் புள்ளி குறையும். ஆகவே ஜாமில் பாதி வேலை பேசுவது, மீதிப் பாதி அடுத்தவர் பேசுவதைக் கூர்ந்து கேட்பது. கேட்பதைப் பற்றி எங்கள் மையத்தில் ஒரு வகுப்புகூட நடக்கவில்லை. இதற்கு நான் பிற்பாடு செய்த பயிற்சி எளிமையானது. போனில் ஒரு நிமிடம் அலாரம் வைத்து, அறையில் கண்ணில் படுகிற ஏதாவது ஒரு பொருளைப் பற்றி, வாளி, சீப்பு, கொசுவத்தி எதுவானாலும், நிறுத்தாமல் பேசுவேன். சின்னச் சின்ன வாக்கியம், தெரிந்த சொல். அதைப் பதிவு செய்து கேட்டு, எங்கே நின்றேன், எதைத் திரும்பச் சொன்னேன் என்று எண்ணுவேன். முதல் வாரம் என் குரலைக் கேட்கவே பிடிக்காது. அந்தக் கூச்சம் எல்லோருக்கும் உண்டு, கொஞ்ச நாளில் போய்விடும். வேகமாகப் பேசினால் தயக்கம் வராது என்று நினைக்காதீர்கள். மெதுவாக, ஒரே சீராகப் பேசினால்தான் அடுத்த வாக்கியத்தை யோசிக்க நேரம் கிடைக்கும்.

கோவையில் அழுதுகொண்டிருந்தபோது நிகழ்ச்சியை நடத்திய மாணவர்களில் ஓர் அக்கா தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பள்ளியில் ஏதாவது பேசியிருக்கிறாயா என்று கேட்டார். தமிழ்ப் பேச்சுப் போட்டியில் மாவட்ட அளவு வரை போயிருக்கிறேன் என்றேன். "அப்புறம் என்னடி? பேசத் தெரிஞ்ச ஆளு நீ. டிபேட் பக்கம் வா" என்றார். அந்த ஒரு பேச்சு எனக்குச் செய்த நன்மையை அந்த 8,500 ரூபாய் செய்யவில்லை. அவர் சொல்லித்தான் பார்லிமென்ட்ரி டிபேட், அதாவது நாடாளுமன்றப் பாணி விவாதம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியும். நான் திருச்சியில் கலந்துகொண்ட ஆங்கிலத் திறன் போட்டியில் முதல் சுற்று எழுத்துத் தேர்வு, இரண்டாவது ஜாம், இறுதிச் சுற்று இந்த விவாதம்தான். பெரிய கல்லூரிகளில் பிரிட்டிஷ் முறையை அதிகம் பார்க்கலாம். இரண்டு இரண்டு பேராக நான்கு அணி, ஆதரிப்பவர் பக்கம் இரண்டு அணி, எதிர்ப்பவர் பக்கம் இரண்டு. தலைப்பு கொடுத்து 15 நிமிடத்தில் விவாதம் தொடங்கிவிடும். ஆளுக்கு 7 நிமிடம். முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் விட்டு நடுவில் எதிரணியினர் எழுந்து கேள்வி கேட்கலாம், ஏற்பதும் மறுப்பதும் பேசுபவர் விருப்பம். ஆசிய முறை என்றால் அணிக்கு மூன்று பேர், தயாரிக்க அரை மணி நேரம் கிடைக்கும். எந்த முறை என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெரிய நிம்மதி தந்த விஷயம் ஒன்று உண்டு. உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியில் உச்சரிப்புக்கோ அலங்காரச் சொற்களுக்கோ மதிப்பெண் கிடையாது. செய்திகளை ஓரளவு அறிந்த ஒரு சாதாரண மனிதரை யார் அதிகம் நம்ப வைத்தார்கள் என்பதைத்தான் நடுவர்கள் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்ட அணிகளுக்குத் தனியாக இறுதிச் சுற்றே வைத்திருக்கிறார்கள். 2014ஆம் ஆண்டின் அந்தப் போட்டி சென்னையில்தான் நடந்தது. அதன் இறுதிச் சுற்றுகளின் காணொளிகள் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. உலகின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் அவரவர் ஊர் வாடையோடு பேசி ஜெயிப்பதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. செய்தி வாசிப்பவர் மாதிரி நாக்கை வளைக்க நான் எத்தனை மாலைகளைச் செலவழித்திருந்தேன்!

அதன் பிறகு நான் தமிழில் யோசிக்க ஆரம்பித்தேன், வேண்டுமென்றே. இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதற்கு நேர் எதிரான அறிவுரைதான் கிடைக்கிறது. அந்த 15 நிமிடத்தில் உங்களுக்கு வேண்டியது வாதம். அது எந்த மொழியில் சீக்கிரம் வருகிறதோ அந்த மொழியில் வரட்டும். நான் தாளை இரண்டாக மடித்து, இடது பக்கம் தமிழில் காரணங்களை எழுதுவேன். யாருக்கு நன்மை, யாருக்குப் பாதிப்பு, எதிரணி என்ன சொல்லும், அதற்குப் பதில் என்ன. கடைசி ஐந்து நிமிடத்தில் வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில வரி, அவ்வளவுதான். பொங்கலுக்கு டிவியில் பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எதிர்ப்பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. முன்னால் பேசியவர் சொன்னதையே எடுத்து அவரிடமே திருப்புவது நமக்குப் பழகிய வித்தை. சில பழக்கங்களை விட வேண்டியும் இருந்தது. அவையோருக்கு வணக்கம், நடுவருக்கு வணக்கம், ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம் என்று நான் முதல் விவாதத்தில் ஒரு நிமிடம் செலவழித்தேன். ஏழு நிமிடத்தில் அது பெரிய இழப்பு. மேற்கோளும் கதையும் அடுக்குவது, குரலை உயர்த்திக் கைதட்டலுக்குக் காத்திருப்பது எல்லாம் இங்கே எடுபடாது. இரண்டே வாதம், ஒவ்வொன்றுக்கும் ஏன் அது உண்மை, ஏன் அது முக்கியம் என்ற விளக்கம், போதும். பயிற்சிக்கு விடுதிக்கு வரும் தி இந்து நாளிதழில் ஒரு தலைப்புச் செய்தியை எடுத்து, "இதை அரசு தடை செய்ய வேண்டும்", "இதை இலவசமாகத் தர வேண்டும்" என்று நானே ஒரு தலைப்பாக மாற்றிக்கொள்வேன். 15 நிமிடம் எழுதி, 7 நிமிடம் மொட்டை மாடியில் பேசுவேன். அடுத்த நாள் அதே தலைப்பில் எதிர்ப்பக்கம்.

உச்சரிப்பு முக்கியமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நாம் சொல்வது கேட்பவருக்குப் புரிய வேண்டும். அதற்கு அழுத்தம்தான் முக்கியம் என்று எங்கள் கல்லூரி ஆங்கிலப் பேராசிரியை சொன்னார். தமிழில் நாம் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்வோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசை மேலே ஏறும், மற்றவை தேய்ந்துவிடும். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசையில் விழும் அழுத்தம் ஃபோட்டோகிராஃபர் என்பதில் இரண்டாம் அசைக்குப் போகிறது. இதைத் தவறவிட்டால் சரியான சொல்லைச் சொன்னாலும் கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவார். அடுத்தது சொல்லின் முடிவு. பன்மைக்கு வரும் ஸ் ஒலியை நாம் விழுங்கிவிடுகிறோம். இறந்தகாலத்தில் வாக்ட் என்று ஒரே அசையாகச் சொல்ல வேண்டியதை வாக்கெட் என்று இழுக்கிறோம். வான்டெட், நீடெட் மாதிரி ட் (t, d) ஒலியில் முடியும் வினைகளுக்கு மட்டும்தான் அந்தக் கூடுதல் அசை. கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையதளத்தில் ஒவ்வொரு சொல்லையும் காசில்லாமல் கேட்கலாம். நான் என் பதிவுகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை மட்டும் எழுதி வைத்து, அவற்றை அதில் கேட்டுச் சரி செய்தேன். அரிய சொற்கள் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

எழுத்துத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிழை கண்டுபிடிப்பது, கோடிட்ட இடம் நிரப்புவது, ஒரு பத்தியைச் சுருக்குவது, அவ்வளவுதான் இருக்கும். தமிழில் ஏ, ஆன், தி கிடையாது என்பதால் அவற்றில்தான் நாம் அதிகம் சறுக்குவோம். டிஸ்கஸ் என்ற வினைக்குப் பின் அபௌட் போடுவது, ஒன் ஆஃப் தி என்பதற்குப் பின் ஒருமை எழுதுவது, ஐ ஆம் நோயிங் என்பது போல எல்லா வினையையும் தொடர்வினையாக்குவது, இந்த மூன்றையும் திருத்திக்கொண்டால் பெரும்பாலான கேள்விகள் பிடிபடும். விடுமுறையில் மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். போட்டித் தேர்வுப் புத்தகங்கள் அங்கேயே நிறைய இருக்கின்றன, எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கவில்லை.

யாரும் சொல்லித் தராத இன்னொரு பகுதி, போட்டிக்குப் போய்ச் சேர்வது. பெரிய கல்லூரிகளிலிருந்து வருபவர்களோடு ஓர் ஆசிரியர் வருவார், வண்டி வரும், சீனியர்கள் இருப்பார்கள். எங்கள் கல்லூரியிலிருந்து நான் ஒருத்திதான். வகுப்புக்கு வராத நாளையும் வந்ததாகக் கணக்கிடும் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தில் வகுப்பு ஆலோசகர், துறைத் தலைவர், முதல்வர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வுக்கே சிக்கல் என்பதால் அந்தக் கடிதம் இல்லாமல் கிளம்பவே கூடாது. போவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி, நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கல்லூரியில் படிக்கிறோம் என்று காட்டும் போனஃபைட் சான்றிதழும் கல்லூரி அடையாள அட்டையும் பதிவு மேசையில் கேட்பார்கள். நான் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது விடிய இன்னும் நேரம் இருந்தது. போட்டி ஒன்பது மணிக்கு. தனியாக நிற்கப் பயமாக இருந்தது, ரோந்து போலீஸ் ஒருவரே "இங்க நிக்காதம்மா, உள்ள ஆட்கள் இருக்கிற பக்கம் போய் உக்காரு" என்றார். வெளியூர் மாணவிகளுக்கு விடுதியில் இடம் கொடுப்பார்கள் என்பதும், முன்கூட்டியே கேட்டால் முந்தின நாள் மாலையே வந்து தங்கலாம் என்பதும் பதிவு மேசையில்தான் தெரிந்தது. பெண்பிள்ளைகள் தயவுசெய்து இதைப் போனிலேயே கேட்டுவிடுங்கள். தூக்கம் கெட்டுப்போய் மேடை ஏறுவது எழுத்துத் தேர்வில் தெரியாது, விவாதத்தில் தெரியும்.

ஜோடி இல்லாததும் ஒரு பிரச்சினை. விவாதத்துக்கு இரண்டு பேர் வேண்டும். வெவ்வேறு கல்லூரி மாணவர்கள் சேர்ந்து ஓர் அணியாக வர அனுமதி உண்டா என்று நடத்துகிறவர்களிடம் நான் முன்பே கேட்டிருந்தேன், உண்டு என்றார்கள். அவர்களே தஞ்சாவூரிலிருந்து தனியாக வந்த ஒரு மாணவியோடு என்னைச் சேர்த்தார்கள். வரலாறு படிக்கிறவர், என்னை விட அமைதியானவர். மதிய உணவின்போதே யார் முதலில் பேசுவது, யார் மறுப்பது என்று பிரித்துக்கொண்டோம். எழுத்துத் தேர்வு தாண்டினோம். ஜாமில் நான் அதிகம் பேசவில்லை, ஆனால் சரியான இடங்களில் மேசையைத் தட்டினேன், அதிலேயே புள்ளி சேர்ந்துவிட்டது. இறுதி விவாதத்தின் தலைப்பு, கல்லூரிகளில் கட்டாய வருகைப் பதிவை எடுத்துவிட வேண்டும் என்பது. நாங்கள் எதிர்ப்பக்கம். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பிள்ளைகளைப் பற்றி ஆதரிப்பவர்கள் நன்றாகப் பேசினார்கள். நான் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளைப் பற்றிப் பேசினேன். வருகைப் பதிவு இருப்பதால்தான் வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று சொல்லி அவர்களை வாரக்கணக்கில் நிறுத்தி வைக்க முடியவில்லை என்றேன். எளிய ஆங்கிலம்தான், இரண்டு இடத்தில் இலக்கணமும் தவறியது. யாரும் சிரிக்கவில்லை. எதிரணியில் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டார், ஏற்றுக்கொண்டு பதில் சொன்னேன். எங்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. பரிசு 3,000 ரூபாய், ஆளுக்குப் பாதி.

முடிவு சொன்னதும் எல்லோரும் போட்டோ எடுக்க ஓடினார்கள். நீங்கள் நடுவரிடம் ஓடுங்கள். விவாதப் போட்டிகளில் நடுவர் தீர்ப்புக்குக் காரணம் சொல்வது வழக்கம், தனியாகக் கேட்டாலும் சொல்வார்கள். என் எடுத்துக்காட்டு நன்றாக இருந்தது, ஆனால் அது எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று நிறுவவில்லை, அதனால்தான் முதல் அணி முந்திவிட்டது என்று எங்கள் நடுவர் விளக்கினார். அவர் சொன்னதைப் பேருந்தில் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். அப்பாவுக்குப் போன் செய்து இரண்டாம் இடம் என்றதும், "இங்கிலீஷ்லயா? அத்தன பேரு முன்னாடியா?" என்று இரண்டு தடவை கேட்டார். பணம் போனதைப் பற்றி அன்றும் அவர் பேசவில்லை. எனக்குத்தான் அது இன்றுவரை வலிக்கிறது. கோச்சிங் மையத்திடம் எழுத்தில் பணம் கேட்டேன், கொடுக்கவில்லை. ரசீது கொடுக்காமலே வாங்கியிருந்ததால் மேலே போக என்னிடம் ஆதாரம் குறைவு. எந்த மையத்தில் சேர்ந்தாலும் ரசீது வாங்குங்கள், என்னென்ன சொல்லித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள், ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

அந்தத் தங்கைக்கு நான் கடைசியாகச் சொன்னது, எங்கேயும் சேராதே, உன் கல்லூரியிலேயே ஒரு குழு தொடங்கு என்பதுதான். எங்கள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் அப்படித்தான் ஆரம்பித்தோம். ஆங்கிலத் துறைப் பேராசிரியை தன் பெயரில் ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கித் தந்தார். புதன்கிழமை கடைசி மணி அடித்ததும் கூடுவோம், பேருந்தில் போகிறவர்களுக்கும் தோதாக ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவோம். ஒரு தலைப்பு, கரும்பலகையில் அணிப் பெயர்கள், ஒரு போன் கடிகாரமாக. தயாரிக்கும் 15 நிமிடமும் தமிழில் பேசலாம், பேச எழுந்தால் ஆங்கிலம். உச்சரிப்பைப் பார்த்து யாராவது சிரித்தால் அடுத்த தலைப்பில் முதல் பேச்சாளர் அவர்தான். செலவு என்று பார்த்தால் ஒரு பெட்டி சாக்பீஸ். இப்போது என் ஜூனியர்கள் அதை நடத்துகிறார்கள். அவர்களில் தமிழ்வழியில் படித்த இரண்டு பேர் இந்த வருடம் ஃபெஸ்டம்பருக்குப் பெயர் கொடுக்கப் போகிறார்கள். விடுதியில் இடம் உண்டா என்று இப்போதே போன் செய்து கேட்கச் சொல்லியிருக்கிறேன்.